மூன்றாம் மாடிக் கடல்

லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது லிப்ட்காரருக்கு அத்துப்படி. மூடிய கதவுக்கு வெளியே நின்று, குரலை உயர்த்தாமல், "நான் வந்துட்டேன். பயப்படாதீங்க. மூச்சு முட்டாது, காத்து வந்துக்கிட்டுதான் இருக்கு. கதவை மட்டும் நீங்களா நெம்பாதீங்க" என்பார். உள்ளே இருப்பவர் பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, பால் பாக்கெட் வாங்கப் போன அம்மாவாக இருந்தாலும் சரி, கேட்பது ஒரே கேள்விதான். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" இவர் சொல்வதும் ஒரே பதில்தான். "இதோ ஆச்சு." ஒன்றும் ஆகியிருக்காது. இவர் இன்னும் கருவிப் பையைக்கூடத் திறந்திருக்க மாட்டார். ஆனால் அந்த இரண்டு வார்த்தை காதில் விழுந்ததும் உள்ளே அழுகிறவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடங்கிவிடுவார்கள்.

ஆள் குள்ளம், கைகள் மட்டும் பெரியவை. மீசையில் பாதி வெளுத்துவிட்டது. சட்டைக் கைகளில் எப்போதும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருக்கும். வேர்வை காய்ந்த தடம் என்று கூட வேலை பார்ப்பவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது கடலுப்பு. இந்த ஊருக்குக் கடல் கிடையாது. கடல் இவர் வீட்டில் இருந்தது, மூன்றாம் மாடியில், சோபாவுக்கு எதிரே.

வேலையில் பார்த்ததில் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று அவரிடம் உண்டு. ஒரு அலுவலகக் கட்டடத்தில் ஒரு வக்கீல் லிப்டில் மாட்டிக்கொண்டார். இவர் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி, வியர்க்க விறுவிறுக்கக் கதவைத் திறந்தால், வக்கீல் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கட்டுக் காகிதங்களைத் தலைக்கு வைத்துச் சுகமாகப் படுத்திருக்கிறார். "வாங்க சார், வெளிய வாங்க" என்றதற்கு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "கொஞ்ச நேரம் சாத்தி வைப்பா. இங்க ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டேங்கறாங்க" என்றாராம். இவருடைய மகள் சின்ன வயதில் இந்தக் கதையை எத்தனை முறை கேட்டாலும் சலிக்க மாட்டாள். வக்கீல் மாதிரி ஒரு கண்ணைத் திறந்து காட்டினால் உருண்டு புரண்டு சிரிப்பாள்.

கடல் வீட்டுக்கு வந்ததும் இப்படி ஓர் அலுவலகத்திலிருந்துதான். அந்தக் கட்டடத்து லிப்டுக்கு ஒரு உதிரிப் பாகம் வர வேண்டியிருந்தது. அது வரும்வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். எதிரே கண்ணாடித் தொட்டி. உள்ளே பாறை, பாறை மேல் பூத்த மாதிரி பவளங்கள், அவற்றுக்கு நடுவே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி மீன். வாழ்நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கும் கம்பிவடத்தையும் கிரீஸையும் பார்த்தே பழகிய மனிதர். அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்தவர் பார்த்தபடியே இருந்துவிட்டார். உதிரிப் பாகம் வந்தது யாருக்குச் சந்தோஷமோ தெரியாது, இவருக்கு இல்லை. அப்புறம் அந்த அலுவலகம் காலி செய்துகொண்டு போனபோது, "இந்தத் தொட்டியை யாராவது எடுத்துக்கிட்டுப் போனா புண்ணியமாப் போகும்" என்று மேலாளர் சொன்னார். இவர் கையைத் தூக்கினார்.

கொண்டுவந்த அன்றே வேடிக்கை ஆரம்பமாகிவிட்டது. ஊரில் பாதிக் கட்டடங்களில் லிப்ட் பார்ப்பவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. நாலு பேர் சேர்ந்து கண்ணாடியைப் படி வழியாகத் தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இவர், "மெதுவா, மெதுவா" என்று அலறியதைக் கேட்டு யாரோ நோயாளியைத் தூக்கி வருகிறார்கள் என்று அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்துகொண்டன.

அப்புறம் காத்திருப்பு. கடல் என்றால் உப்பைக் கரைத்து ஊற்றி மீனை விடுவதுதானே என்று நினைத்தால் தப்பு. பாறையோடு வந்த உயிர்களில் சில செத்து அழுகும். அழுகல் விஷமாகும். அந்த விஷத்தைத் தின்கிற கிருமிகள் பாறையில் குடியேறிப் பெருகும் வரைக்கும் தொட்டியில் மீனை விடக்கூடாது. வாரக்கணக்கில் வெறும் தண்ணீரும் பாறையும்தான். விருந்தாளிகள் வந்து, சோபாவில் உட்கார்ந்து, கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டி, "மீன் எங்கே?" என்று கேட்பார்கள். "வரும்" என்பார் இவர், ரயில் வரும் என்பது போல. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சும்மா இருப்பாரா? "தண்ணிக்கு லைட் போட்டு வேடிக்கை பாக்கற ஒரே வீடு நம்ம வீடுதாங்க" என்றார்.

மீன் வந்தது. பவளம் வந்தது. கூடவே யானையைக் கட்டித் தீனி போடும் கதையும் வந்தது. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் தொட்டியின் சூட்டைப் பார்க்க வேண்டும். சூடு ஏறினால் தண்ணீர்மேல் சின்ன மின்விசிறியைத் திருப்பிவிட வேண்டும். விசிறி ஓடினால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். இங்கேதான் இந்தத் தொழிலின் சூட்சுமமே இருக்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு எங்கும் போவதில்லை. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் மட்டம் சரியாகத்தான் இருக்கும், பார்ப்பதற்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் நாளுக்கு நாள் உப்பு ஏறிக்கொண்டே போய், பவளங்கள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொள்ளும். இதை யாராவது கேட்டால்தான் சொல்வார் என்றில்லை. கேட்காதவர்களிடமும் சொல்வார்.

கரண்டு போனால் இன்னும் கூத்து. கரண்டு போகும்போது ஊரில் எங்கேயாவது ஒரு லிப்ட் நிற்கும். அதே நிமிடத்தில் இவர் வீட்டில் அலை மோட்டாரும் நிற்கும். அலை நின்றால் தண்ணீரில் காற்றுக் கலக்காது. மீனுக்கு மூச்சு முட்டும். இவர் ஒரு கையால் லிப்ட் கதவுக்குள் சாவியை விட்டுக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசுவார். "பயப்படாதீங்க சார், இதோ ஆச்சு" என்பது உள்ளே இருப்பவருக்கு. "அந்த பேட்டரி பம்பை எடுத்து மாட்டு, அடியில, நல்லா அடியில" என்பது மனைவிக்கு. ஒருமுறை உள்ளே இருந்தவர் குழம்பிப்போய், "எதை மாட்டணும்? இங்க பம்பே இல்லையே" என்று கத்தினாராம்.

"மத்தவளுங்களுக்குப் புருஷன் சின்ன வீடு வச்சுக்குவான். எனக்கு வாய்ச்சது சின்னக் கடல்" என்று மனைவி பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி. வீட்டில் தொட்டிக்கு அவர் வைத்த பெயர் சக்களத்தி. "சக்களத்தியை இன்னைக்குக் குளிப்பாட்டறீங்களா, இல்ல காய்கறி வாங்க வர்றீங்களா?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டு கேட்டதுதான். போகப் போகச் சிரிப்பு குறைந்தது, கேள்வி நிற்கவில்லை.

மகள் மட்டும் அப்பா பக்கம். கல்லூரியிலிருந்து வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்பாவோடு தொட்டிமுன் உட்கார்ந்துகொள்வாள். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்பதற்காக ஒரு பெரிய நத்தை வாங்கி விட்டிருந்தார். அது கண்ணாடி மேல் உச்சி வரைக்கும் ஏறி, அங்கிருந்து தொப்பென்று மணலில் மல்லாக்க விழும். விழுந்தால் தானாகத் திரும்பத் தெரியாது. யாராவது கையை விட்டுத் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் அப்படியே கிடந்து சாகும். அதற்கு மல்லாண்டி என்று மகள்தான் பெயர் வைத்தாள். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி, "மல்லாண்டி விழுந்தானா?" என்பதுதான்.

எல்லாம் கெட்டது மைத்துனியின் கல்யாணத்தில். மூன்று நாள் வெளியூர் போக வேண்டும். தன் சித்தப்பா மகனான ஒரு தம்பியிடம் சாவியைக் கொடுத்து, மீனுக்கு ஒரு சிட்டிகை, ஒரே ஒரு சிட்டிகைத் தீனி, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து கதவைத் திறந்தால் வாடை ஆளைத் தூக்கியது. தண்ணீர் பால் மாதிரி இருந்தது. பவளத்தில் பாதி எலும்பாக நின்றது. டப்பா காலி. "பாவம்ணே, நான் வரும்போதெல்லாம் கண்ணாடிக்கிட்ட வந்து பசியா பாத்துச்சு" என்றான் தம்பி. மீன் எப்போதும் அப்படித்தான் பார்க்கும். வயிறு வெடிக்கத் தின்ற பிறகும் அப்படித்தான் பார்க்கும். லிப்ட்காரர் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாவியை வாங்கிக் கொண்டார். அதன் பிறகு அந்தச் சாவி வேறு ஒரு கைக்கும் போகவில்லை.

அப்படித்தான் கதவு மெல்ல மெல்லச் சாத்திக்கொண்டது. யாரும் சாத்தவில்லை. கல்யாணங்களுக்கு மனைவி மட்டும் போனார். துக்க வீடுகளுக்கு இவர் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினார். மகளுக்குக் கல்யாணமாகி, பகல் முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில் குடித்தனம் வைத்தாள். மூன்று வருடம் ஆயிற்று. அந்த வீட்டு வாசற்படியை இவர் மிதித்ததில்லை. போகக்கூடாது என்றா இருந்தார்? ஒவ்வொரு முறையும் கிளம்பத்தான் நினைத்தார். ஒரு முறை மோட்டார் கெட்டது. ஒரு முறை பவளத்தில் ஏதோ பூச்சி. "இதோ கிளம்பிட்டேம்மா, அடுத்த மாசம்" என்பார். மகளும், "சரிப்பா" என்பாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று சில நேரம் அவருக்குத் தோன்றும்.

இப்போது மகளும் மருமகனும் வேலைக்காக வேறு தேசம் போகிறார்கள். எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மூட்டை கட்ட உதவிக்கு மனைவி முன்னாலேயே போய்விட்டார். போவதற்கு முன் வாசலில் நின்று, "இந்தத் தடவை வரலைன்னா, அவளுக்கு நான் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிக்குங்க" என்றார். மகள் போன் செய்தபோது அவள் பாணியில் சொன்னாள்.

"அப்பா, வீட்டுல எல்லாத்தையும் ஒவ்வொருத்தருக்காக் குடுத்துட்டேன். அந்த ரூம்ல இருக்கற கட்டிலை மட்டும் வச்சிருக்கேன்."

"எந்தக் கட்டில்மா?"

"உங்களுக்குன்னு வாங்கினதுப்பா. குடி வந்த அன்னைக்கே வாங்கினோம். யாரும் படுத்ததில்ல. ஒரு ராத்திரி நீங்க வந்து படுத்துட்டீங்கன்னா, அதையும் குடுத்துட்டு நிம்மதியா ஏறிடுவேன்."

"கட்டாயம் வர்றேன்மா" என்றார். இந்த முறை மனசாரச் சொன்னார். மகளை வழியனுப்பி, அவள் வீட்டை ஒப்படைத்துவிட்டு மனைவியோடு திரும்ப ஒரு வாரம் ஆகும். யாரிடமும் சாவி கொடுக்காமலே கிளம்ப வழி கண்டுபிடித்தார். பழைய லிப்டிலிருந்து கழற்றிய ஒரு சுவிட்சையும் ஒரு மிதவையையும் சேர்த்து, தொட்டியில் மட்டம் இறங்கினால் பக்கத்தில் வைத்த வாளியிலிருந்து தானாகத் தண்ணீர் ஏறும்படி செய்தார். மீனுக்குத் தீனி போட ஒரு சின்ன இயந்திரம் வாங்கி மாட்டினார். விளக்குக்கும் விசிறிக்கும் தானே அணைந்து எரிய ஏற்பாடு. எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்தார். மல்லாண்டி ஒருவனுக்குத்தான் வழியில்லை. அவனை ஒரு பாறைப் பொந்தில் வைத்து, "ஒரு வாரம் ஏறாம இருடா" என்று கெஞ்சினார்.

விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் காலை பஸ்ஸில் இடம். முழு நாள் பயணம், இருட்டுவதற்குள் மகள் வீடு. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்ததும் அவருக்கே தன்னை நம்ப முடியவில்லை. ஊர் எல்லை தாண்டியபோது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் மாதிரி ஒரு குஷி. மடியில் மகளுக்காக வாங்கிய பிஸ்கட் டப்பா. அவள் சின்ன வயதில் க்ரீமை மட்டும் நக்கிவிட்டு அப்பாவிடம் பிஸ்கட்டை நீட்டுவாள், அதே வகை. ஒன்றே ஒன்று தின்று பார்க்கலாம் என்று திறந்தார். தின்றார். விரலை நக்கினார்.

விரல் கரித்தது.

அவருடைய கை கரிப்பது புதிதா என்ன? வருடக்கணக்காகக் கரிக்கிற கைதான். ஆனால் இந்த முறை நக்கிய விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையில் கடைசியாக இந்தக் கையால் என்ன செய்தேன்? வாளியில் தண்ணீர் நிரப்பினேன். எந்த டிரம்மிலிருந்து நிரப்பினேன்?

பால்கனியில் இரண்டு நீல டிரம். ஒன்றில் வடிகட்டிய நல்ல தண்ணீர், இன்னொன்றில் கரைத்து வைத்த உப்புத் தண்ணீர். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவு, ஒரே மூடி. "மேல எழுதி ஒட்டுங்களேன்" என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டார். "இடது நல்லது, வலது உப்பு. எனக்குத் தெரியாதா?" என்றுவிட்டார் இவர். தெரியும்தான். ஆனால் இன்று காலை, ஒரு வாரம் ஆள் இருக்க மாட்டோமே என்று பால்கனியைக் கழுவுகிறேன் பேர்வழி என்று இரண்டு டிரம்மையும் நடுவில் இழுத்துப் போட்டாரே! கழுவிய பின் திரும்பத் தள்ளினாரே! எதை எந்தப் பக்கம் தள்ளினார்?

கண்ணை மூடி யோசித்தார். ஒரு தடவை இடது டிரம் இடது பக்கம் போனது. அடுத்த தடவை யோசித்தால் வலது பக்கம் போனது. பவளமும் மீனும் வாங்குகிற வளர்ப்பு மீன்கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"உப்புத் தண்ணியாவே இருக்கட்டும்ணே, ஒரு வாரம்தானே? கொஞ்சம் ஏறும். ஒண்ணு ரெண்டு சுருங்கிக்கும். வந்து மெதுவா இறக்கிக்கலாம். போயிட்டு வாங்க."

"விசிறி வேற ஓடுது தம்பி. நிறைய ஆவியாகும். அந்த சுத்தியல் பவளம் தாங்காது."

"தாங்கும்ணே. தாங்கலைன்னா வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

"அது எட்டு வருஷமா இருக்குப்பா!"

"சாவி யார்கிட்ட இருக்கு? சொல்லுங்க, நானே போய்ப் பாத்துடறேன்."

லிப்ட்காரரின் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது. சாவி அங்கே இருந்தது. அவரோடு பஸ்ஸில் ஏறி ஜம்மென்று வந்துகொண்டிருந்தது.

அப்புறம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வயல்கள் போயின, பெட்ரோல் பங்க் போயிற்று, அவர் எதையும் பார்க்கவில்லை. மனசுக்குள் பவளங்கள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டிருந்தன. மனைவி போன் செய்து, "எங்க வந்துட்டீங்க?" என்றபோது, "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார். பாதி வழியில் சாப்பாட்டுக்காகப் பஸ் நின்றது. எதிர்ப் பக்கம், இவர் ஊருக்குப் போகிற பஸ் ஒன்றும் நின்றது. அதுதான் வினை. அது மட்டும் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது இல்லையென்றால் அவர் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்.

கணக்குப் போட்டார். இப்போது திரும்பினால் பொழுது சாய்வதற்குள் வீடு. வாளியை மாற்றிவிட்டுச் சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால் விடிவதற்குள் மகள் வீடு. கட்டிலில் படுக்க முடியாது, ஆனால் வழியனுப்பிவிடலாம். நியாயமான கணக்கு. ஓட்டை எதுவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"என்ன சார், இங்கயே இறங்கறீங்க?" என்றார் கண்டக்டர்.

"வீட்டுக்குத் திரும்பணும்."

"ஐயோ, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"ஆமா" என்றார் லிப்ட்காரர். கண்டக்டர் பதறிப்போய் எதிர் பஸ்ஸை நிறுத்திவைத்து, உள்ளே ஏற்றிவிட்டு, "ஒண்ணும் ஆகாது சார், தைரியமாப் போங்க" என்று வேறு சொன்னார். இவருக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் பஸ் ஊரை நோக்கி ஓட ஓட மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. அது அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் தெரியாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாக ஏறினார். கதவைத் திறந்தார். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. மோட்டார் ஓடியது, விசிறி சுற்றியது, ஜோடி மீன் கண்ணாடிக்கு ஓடி வந்து பசியாகப் பார்த்தது. செருப்பைக் கழற்றாமல் நேராக வாளிக்குப் போனார். மூடியைத் திறந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

சப்பென்று இருந்தது.

இன்னொரு விரலை நனைத்தார். விரலை நம்பாமல் ஒரு கரண்டி கொண்டுவந்து மொண்டு குடித்தே பார்த்தார். நல்ல தண்ணீர். வடிகட்டிய, உப்புச் சப்பில்லாத, அருமையான நல்ல தண்ணீர். காலையில் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருக்கிறார். இடது நல்லது, வலது உப்பு. அவருக்குத் தெரியாதா?

சோபாவில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. சரி, ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. கீழே இறங்கி வண்டி பிடித்தால் பஸ் நிலையம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். எழுந்தார். அப்போது பார்த்தால் மல்லாண்டி பொந்தை விட்டு வந்து, ஏறி, விழுந்து, மணலில் மல்லாக்கக் கிடக்கிறான். நல்லவேளை, வந்தேன் என்று நினைத்தார். கையை விட்டுத் திருப்பி வைத்தார். கையைத் துடைக்கும்போது கண்ணாடி ஓரத்தில் பாசி கண்ணில் பட்டது. அதைச் சுரண்டினார். சுரண்டியதும் தண்ணீர் லேசாகக் கலங்கியது, தெளியட்டும் என்று உட்கார்ந்தார். சூட்டைப் பார்த்தார். சரியாக இருந்தது. சுத்தியல் பவளம் முழுசாக விரிந்து, சுத்தியல் தலை போன்ற நுனிகளை அலைக்கு விட்டுக்கொடுத்து ஆடிக்கொண்டிருந்தது. பை வாசலில் இருந்தது. கதவுகூடச் சாத்தவில்லை. அஞ்சு நிமிஷம் என்று சொல்லிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே தெரு விளக்கு எரிந்ததைப் பார்த்துத்தான், அஞ்சு நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது என்று தெரிந்தது.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, எங்க வந்துட்டீங்க? இவர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கிட்டு வரேங்கறார்."

"இதோ..." என்று ஆரம்பித்தார். இரண்டு பேருக்கும் நடுவில் அலை மோட்டார் மட்டும் ஓடியது. எத்தனையோ மாலைகள் அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா?

"வீட்டுல இருக்கீங்களாப்பா?"

"ஆமாம்மா."

"மல்லாண்டி விழுந்தானா?"

"விழுந்தான். திருப்பி வச்சுட்டேன்."

பின்னால் மனைவியின் குரல், "என்னவாம்?" என்றது. மகள் போனைக் கொஞ்சம் விலக்கி, "பாதி வழியில பஸ் நின்னுடுச்சாம், அம்மா" என்று சொன்னது கேட்டது. எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார்; அந்தச் சமாதானத்தை அவருக்காக மகள் சொன்னாள். அவருக்கு அந்தக் கணத்தில் தன்னை இரண்டு அறை அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. மகள் திரும்ப வந்து, திட்டாமல், அழாமல், சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்பா, அந்த வக்கீல் கதை சொல்லுவீங்களே. கடைசியில அவர் எப்படிப்பா வெளிய வந்தாரு? அதை நீங்க சொன்னதே இல்லையே."

லிப்ட்காரர் யோசித்தார். இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. "நான் டீ குடிக்கப் போயிட்டேன்மா. வந்து பாத்தப்ப உள்ள இல்ல."

"தானாவே வந்துட்டாரா?"

"தானாத்தான் வந்திருப்பாரு. கதவு திறந்துதானே இருந்துச்சு."

"ம்" என்றாள் மகள். பிறகு, "அப்பா, கட்டிலை எடுத்துக்கிட்டுப் போறதுக்குக் கீழ் வீட்டு ஆளுங்க வந்து நிக்கறாங்க. நாளைக்கு வரச் சொல்லட்டுமா, இப்பவே குடுத்துடவா?" என்றாள்.

வாசலில் பை இருந்தது. கதவு திறந்திருந்தது. மீன்கள் கண்ணாடிக்கு வந்து நின்றன.

"குடுத்துடும்மா" என்றார்.

அவள் போனை வைக்க மறந்துவிட்டாள். கட்டிலைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற சத்தமும், "மெதுவா, மெதுவா" என்று அவள் சொல்வதும் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.